ரோமாக்களுக்கு ஏன் நீதி கிடைக்கவில்லை? ஆவணம் இல்லாததாலா?

வாசகர் கேள்வி, 2 ஆகஸ்ட் 2024

இன்று நாஸிகளின் ஔஷ்விட்ஸ் கொலைமுகாமில் ரோமா மக்களுக்கான ('ஜிப்சி' என்பார்களே, அவர்கள்) நினைவுநாள், 80 ஆண்டு ஆகிறது என்று செய்தியில் பார்த்தேன். யூதர்களுக்கு நடந்தது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இவர்கள் விஷயம் ஏன் இத்தனை காலம் வெளியே வரவில்லை? என் ஊகம் இது: நாடோடிகள், எழுதி வைக்கும் வழக்கம் கிடையாது, கையில் ஆவணம் இல்லை. ஆதாரம் இல்லாமல் எந்தக் கோர்ட்டில் நீதி கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 ஆகஸ்ட், இரவு 11.40

ஊகம் பிழை. ஆவணம் மலைபோலக் கிடந்தது. 1899இலேயே மியூனிக் பொலிஸ் இவர்களைக் கண்காணிக்க ஒரு தனிப் பிரிவு திறந்துவிட்டது. 1905இல் அதன் தலைவர் அல்ஃப்ரெட் டில்மன் பெயர், உறவுமுறை, படம் என்று ஒரு புத்தகமே அச்சடித்தார். ஹிட்லர் வந்தபோது பட்டியல் கையில் தயார். கோப்பெல்லாம் பொலிஸ்காரனின் அலுமாரிக்குள் இருந்தது என்பதுதான் சிக்கல்.

கணக்கு: ஐரோப்பா முழுக்கக் கொல்லப்பட்டவர்கள் 220,000 முதல் 500,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவு, ஔஷ்விட்ஸைச் சேர்ந்த பிர்கெனௌவின் 'சிகொய்னர் முகாமில்' (சிகொய்னர் என்பது ஜேர்மன்காரர் இவர்களுக்கு வைத்த பெயர்) மிஞ்சியிருந்த 2,897 பேரை, பெரும்பாலும் கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள், வாயு அறைக்குக் கொண்டுபோனார்கள். போருக்குப் பிறகு நாஸித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க்கில் ஒரு ரோமாகூட சாட்சிக் கூண்டில் ஏறவில்லை.

மிச்சம் பிறகு. இப்போது நித்திரை.

4 ஆகஸ்ட்

ஞாயிற்றுக்கிழமை. ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் லுட்விக்ஸ்புர்க் பக்கம் முப்பது வருசமாக இருக்கிறேன். இங்கிருந்து அடுத்த ஸ்டேஷன் அஸ்பெர்க். ஸ்டேஷனுக்கு மேலே குன்றில் ஹோஹனஸ்பெர்க் கோட்டை, இன்றைக்கும் அது சிறை ஆஸ்பத்திரி. 1940 மே மாதம் தென்மேற்கு ஜேர்மனியில் பிடித்த சின்டி (ஜேர்மனியில் வாழும் ரோமாப் பிரிவு), ரோமா குடும்பங்களை, ஏறக்குறைய 500 பேரை, அந்தக் கோட்டைக்குள் அடைத்து வைத்து, பிறகு ஊருக்குள்ளால் நடத்திக்கொண்டுபோய் ரயில் ஏற்றினார்கள். ஹம்பூர்க், கொலோன் நகரங்களிலிருந்தும் அதே நாட்களில் ரயில்கள் போயின. மொத்தம் 2,500 பேர் அளவில். போன இடம், ஜேர்மனி பிடித்து வைத்திருந்த போலந்து.

அந்த ஊர்வலத்துக்குக் கலர்ப் படம் இருக்கிறது. 1940இல் கலர்! பொலிஸ்காரர், மூட்டை முடிச்சோடு குடும்பங்கள், தெருவோரம் நின்று பார்க்கும் ஊர்ச்சனம். வெயில் வேறு. முதன்முதல் அதைப் பார்த்தபோது ஏதோ கோயில் திருவிழாவுக்குப் போகிற கூட்டம் என்றே நினைத்தேன். படம் எடுத்தது ஊர்க்காரர் அல்ல. பெர்லினில் ரொபர்ட் ரிட்டர் என்ற டொக்டர் நடத்திய 'இனச் சுகாதார' ஆய்வு நிலையம். ஆட்களை அளந்து, இரத்தக் கலப்புக் கணக்குப் போட்டு, யார் 'சிகொய்னர்', யார் 'கலப்பு' என்று ஒருத்தர் ஒருத்தருக்காக அறிக்கை எழுதிய இடம் அது. சுமார் 24,000 அறிக்கை. அந்த ஆய்வாளர்கள் கோட்டைக்குள்ளேயும் வந்து, சிலரை 'இவர் அந்த இனம் இல்லை' என்று தரம்பிரித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

இனி நேரே 1956க்கு வாருங்கள். அந்த 1940 ரயிலில் போனவர்கள் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். மேற்கு ஜேர்மனியின் அதியுயர் நீதிமன்றம் 1956 ஜனவரி 7 அன்று தீர்ப்புச் சொன்னது: 1940இல் நாடு கடத்தியது இனத்தின் பேரால் நடந்த துன்புறுத்தல் அல்ல, பாதுகாப்புக்கும் குற்றத் தடுப்புக்குமான பொலிஸ் நடவடிக்கை. ஏனென்றால் இவர்கள் அனுபவம் காட்டுகிறபடி குற்றத்தில், குறிப்பாகத் திருட்டிலும் ஏமாற்றிலும் சாய்வுள்ளவர்களாம். பிறர் உடைமையை மதிக்கும் ஒழுக்க உணர்வு பலருக்குக் கிடையாதாம். ஆதிமனிதர் மாதிரி, கண்டதைக் கைப்பற்றும் கட்டுக்கடங்காத உந்துதல் உள்ளவர்களாம்.

இது 1936இல் எழுதினதில்லை. 1956. ஹிட்லர் செத்துப் பதினோரு வருசம்.

குற்றத் தடுப்பு என்றால் கைக்குழந்தையை ஏன் ஏற்றினான்? இன ஆய்வுக்காரனுக்குக் கமராவோடு அங்கே என்ன வேலை? சாதாரண வழக்கறிஞருக்கே தோன்றுகிற இந்தக் கேள்வி அந்த நீதிபதிகளுக்குத் தோன்றவில்லை. இனத் துன்புறுத்தல் 1943 மார்ச் 1 முதல், அதாவது ஔஷ்விட்ஸ் ரயில்களோடுதான் தொடங்குகிறது என்று கோடு கிழித்தார்கள். 1941இல் போலந்தில் பிள்ளையைப் பட்டினியில் சாகக் கொடுத்தவள் அந்தக் கோட்டுக்கு வெளியே. நட்டஈடு கிடையாது.

எனக்கு இந்தத் திகதி விஷயம் ஏன் சுள்ளென்று ஏறுகிறது என்றால், நான் பார்க்கிற வேலை அப்படி. அகதி விசாரணைகளில் தமிழுக்கும் டொச்சுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன். ஒருமுறை ஒரு அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு அம்மா, மகனைக் கொண்டுபோன நாளைத் தமிழ் மாதத்தில் சொன்னார். 'ஆடி அமாவாசைக்கு முந்தின நாள்.' அதிகாரி இங்கிலிஷ் திகதி கேட்டார். அம்மா யோசித்து ஒன்றைச் சொன்னார். கோப்பில் முன்பே இருந்த திகதியோடு அது பதினொரு நாள் உதைத்தது. அந்தப் பதினொரு நாள் அவரை இரண்டு வருசம் அலையவிட்டது. தீர்ப்பில் மார்ச் 1 என்று வாசித்தபோது அந்த அம்மாவின் முகம்தான் முன்னால் வந்தது. ஒப்பிடவில்லை, ஞாபகம் வந்தது என்கிறேன்.

5 ஆகஸ்ட்

திருத்தம். 2,897 பழைய கணக்கு. அன்றிரவு கொல்லப்பட்டவர்கள் 4,200 முதல் 4,300 வரை என்றுதான் இப்போது ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். என் மனதில் இருபது வருசத்துக்கு முன் வாசித்த எண் ஒட்டிக்கிடந்திருக்கிறது. சுட்டிக்காட்டின அக்காவுக்கு நன்றி. திட்டியிருக்கத் தேவையில்லை, ஆனாலும் நன்றி.

6 ஆகஸ்ட்

இன்னொரு திருத்தம், இது பெரிசு. 'நியூரம்பெர்க்கில் ஒரு ரோமாகூட' என்று எழுதினேன். கோரிங் வகையறாவை நிறுத்திய முதல் வழக்குக்கு அது சரி. அடுத்து வந்த டொக்டர்கள் வழக்குக்குப் பிழை.

1947 ஜூன். கார்ல் ஹொலன்ரைனர், மியூனிக்கைச் சேர்ந்த சின்டி. டகாவ் முகாமில் கடல்தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஆளானவர். விமானப்படைக்காரன் கடலில் விழுந்தால் உப்புத்தண்ணீர் குடித்து எத்தனை நாள் தாங்குவான் என்று பார்க்க 44 பேரை, எல்லாரும் சின்டி, ரோமா, பட்டினி போட்டு அந்தத் தண்ணீரையே கொடுத்தார்கள். தாகம் தாங்காமல், துடைத்துவிட்ட ஈரத் தரையை நக்கினார்கள் என்று சாட்சியம் இருக்கிறது. இதற்கு இவர்களைப் பிடிக்கலாம் என்று யோசனை சொன்னது பொலிஸ் தலைவர் ஆர்தர் நேபெ. பின்னால் ஹிட்லர் கொலை முயற்சியில் மாட்டித் தூக்கில் தொங்கியதால் அவருக்கு வீரர் பட்டமும் கொஞ்சக் காலம் கிடைத்தது.

பரிசோதனையை நடத்தின டொக்டர் யார், அடையாளம் காட்டு என்று கோர்ட்டில் ஹொலன்ரைனரிடம் சொன்னார்கள். கூண்டை விட்டு இறங்கி நடந்து போனார். வில்ஹெல்ம் பைக்ல்பொக் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்ததும் பாய்ந்து அடிக்கப் போனார். காவலர் பிடித்துவிட்டார்கள். நீதிமன்ற அவமதிப்பு என்று அந்த இடத்திலேயே 90 நாள் சிறை.

பைக்ல்பொக்குக்கு 15 வருசம் தீர்ப்பாகி, பிறகு 10 ஆகக் குறைந்து, 1951இல் ஆள் வெளியே. வெளியே வந்து என்ன செய்தார் என்கிறீர்கள்? திரும்பவும் டொக்டர் வேலைதான்.

ஆக, நியூரம்பெர்க்கில் ரோமா சாட்சி இருந்தார். அவரையும் உள்ளே போட்டார்கள். என் முதல் வசனத்தை விட இது மோசம்.

9 ஆகஸ்ட்

மூன்று பேர் ஒரே கேள்வி: 'இவர்கள் நம்மூரிலிருந்து போனவர்களாமே?'

நம்மூர் என்றால் வட இந்தியா. ஆயிரம் வருசத்துக்கு முன்பே கிளம்பினவர்கள். அவர்கள் மொழியில் எண்ணிப் பாருங்கள்: யெக், துய், த்ரின், ஷ்டார், பாஞ்ச். தண்ணீர் பானி, மூக்கு நாக், மனிதன் மனுஷ். ஹிந்திக்காரன் பாதி விளங்கிக்கொள்வான். நாம் 'மனுஷ'னை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். 1971இல் லண்டனுக்குப் பக்கத்தில் முதல் உலக ரோமா மாநாடு கூடியபோது கொடியில் சக்கரம் ஏறியதும் அந்தத் தொடர்பில்தான்.

'சின்டி' என்று நான் எழுதுவதை 'சிந்தி' என்று திருத்தி அனுப்பிய நண்பரே, வேண்டாம். மும்பையில் துணிக்கடை வைத்திருக்கிற சிந்தியை இழுத்துவிடாதீர்கள். சின்டி என்பது ஜேர்மன் பேசும் நாடுகளில் பல நூறு வருசமாக இருக்கிற ரோமாப் பிரிவு. 'சிகொய்னர்' என்பது மற்றவன் வைத்த பெயர், அவர்களுக்கு அது வசவு. நான் பழைய ஆவணத்தின் பெயராக வரும் இடத்தில் மட்டும் போடுகிறேன்.

இன்னொன்று. நரிக்குறவர்தான் ஜிப்சி, அங்கேயும் இதே ஆள் என்று ஒரு நீண்ட கடிதம். ஊர் ஊராகப் போகிறவர்களையெல்லாம் வெள்ளைக்காரன் ஜிப்சி என்று ஒரே சாக்கில் கட்டினான். நாமும் அந்தச் சாக்கைத் தூக்கித் திரிகிறோம். உண்மையில் 1930களில் ஜேர்மன் சின்டியில் பலர் வீடு, கடை, வாத்தியக் குழு என்று ஊரோடு இருந்தவர்கள். முதல் உலகப்போரில் பட்டாளத்தில் நின்று பதக்கம் வாங்கினவர்கள் உண்டு. கேள்வியிலேயே 'நாடோடிகள்' என்று தொடங்கினதால் சொல்கிறேன்.

(குத்துச்சண்டைக்காரர் யொஹான் ட்ரொல்மன் கதையை யாராவது தனி இழையில் எழுதுங்கள். 1933 ஜூனில் ஜேர்மன் பட்டம் வென்று, சில நாளில் அதைப் பறிகொடுத்து, அடுத்த சண்டைக்குத் தலைமயிரை மஞ்சளாக்கி, உடம்பெல்லாம் வெள்ளை மா பூசி 'இந்தா உங்கள் ஆரியன்' என்று வந்து நின்றவர். முகாமில் கொன்றார்கள். பட்டத்தைக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தது 2003இல்.)

11 ஆகஸ்ட்

ரிட்டரைப் பற்றிக் கேட்டதால்.

அவருடைய வலதுகை ஏவா யுஸ்டின். தாதியாகத் தொடங்கியவர். ரோமானி மொழி பேசத் தெரியும். சின்டி வீடுகளுக்கு அந்த மொழியைப் பேசிக்கொண்டே போவார், சனம் கதவைத் திறக்கும். சிவப்புத் தலைமயிர் என்பதால் அவர்களே 'லோலி சாய்', சிவப்புப் பெட்டை, என்று பெயர் வைத்திருந்தார்கள். பாசமாக வைத்த பெயர் என்று நினைக்கும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது.

முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், தங்கள் இனத்தாரிடமிருந்து பிரித்து வளர்த்த சின்டிப் பிள்ளைகள். பெற்றோரை முகாமுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைகளை முல்ஃபிங்கன் ஊரில் ஒரு கத்தோலிக்க விடுதியில் வைத்திருந்தார்கள். சோதனை செய்தார், விளையாடவிட்டுப் படம் பிடித்தார். ஆய்வு முடியும்வரை பிள்ளைகளை ரயில் ஏற்றவில்லை. பட்டம் வந்தது. 1944 மே 9 அன்று 39 பிள்ளைகள் ஔஷ்விட்ஸுக்குப் போனார்கள். சுற்றுலாப் போகிறோம் என்று சொல்லி வைத்திருந்தார்களாம். திரும்பினது நாலு பேர்.

முல்ஃபிங்கன் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம் சொச்சம். யாக்ஸ்ட் ஆற்றோரம், அழகான ஊர். மகள் சின்னவளாக இருந்தபோது அந்தப் பக்கம் சைக்கிள் ஓடப் போயிருக்கிறோம். ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்தது நினைவிருக்கிறது. அப்போது எனக்கு எதுவும் தெரியாது.

12 ஆகஸ்ட்

'அந்தப் பொம்பளைக்கு என்ன தண்டனை?'

இல்லை.

12 ஆகஸ்ட், பின்னேரம்

சரி, விரித்தே எழுதுகிறேன். போருக்குப் பிறகு ரிட்டர் பிராங்ஃபுர்ட் நகர சுகாதார அலுவலகத்தில் டொக்டர். யுஸ்டினையும் அங்கேயே எடுத்துக்கொண்டார், பிள்ளைகளின் மனநலம் பார்க்க. ஆம், பிள்ளைகளின். உயிர்தப்பியவர்கள் முறையிட்டதில் ரிட்டர்மேல் விசாரணை தொடங்கி, 1950இல் கைவிட்டார்கள். 'சிகொய்னர்' சொல்லும் சாட்சியத்தை நம்பலாமா என்றே அந்தக் கோப்பில் வழக்குத்தொடுநர் யோசிக்கிறார். அடுத்த வருசம் ரிட்டர் செத்துப்போனார். யுஸ்டின்மேல் நடந்த விசாரணை 1960இல் மூடியது. 1966இல் அவரும் போய்ச் சேர்ந்தார், நகர அலுவலகச் சம்பளத்தோடு. ஹோஹனஸ்பெர்க்கில் ஆட்களைத் தரம்பிரித்த அடோல்ஃப் வுர்த் எங்கே? இதே மாநிலத்தின் புள்ளிவிவரத் திணைக்களத்தில்.

எண்ணத் தெரிந்த ஆள்தானே.

18 ஆகஸ்ட்

கேள்வி ஆவணத்தைப் பற்றியது. கோப்புகள் எங்கே போயின என்பதையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, பொலிஸ் கோப்பு. மியூனிக்கில் பழைய பிரிவு போருக்குப் பிறகும் மூடவில்லை. பெயரை மாற்றினார்கள். 'சிகொய்னர்' போய் 'லாண்ட்ஃபாரர்', தமிழில் சொன்னால் அதே நாடோடி. அங்கே பொறுப்பில் இருந்த யோசெஃப் ஐஷ்பெர்கர், பெர்லினில் இருந்து நாடுகடத்தல்களை ஒழுங்குபண்ணின அதிகாரி. 1953இல் பவேரியா ஒரு சட்டமே போட்டது, 1970 வரை ஓடியது. ஒருத்தர் நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தால் அலுவலகம் யாரிடம் கருத்துக் கேட்கும்? இந்தப் பொலிஸிடம். தன்னை ரயில் ஏற்றினவனே தன்னைப் பற்றி நற்சான்று எழுதவேணும். எழுதுவானா?

இரண்டு, ரிட்டரின் கோப்பு. கை மாறி, கை மாறி, அவரிடம் வேலை பார்த்த சோஃபி ஏர்ஹார்ட் மூலம் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் வந்து கிடந்தது. அவர் அதை வைத்து ஆராய்ச்சியும் செய்தார். 1981 செப்டம்பர் 1 அன்று சின்டி கொஞ்சப்பேர், அவர்களில் முகாமில் இருந்த முதியவர்களும் உண்டு, பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கே கோப்புகள் கோப்லென்ஸ் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்குப் போயின. கலர்ப் படமும் அதற்குள் வந்ததுதான். அந்த 24,000 அறிக்கைகளில் பெரும்பகுதி மட்டும் காணோம்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. பிர்கெனௌவில் அந்த முகாமுக்கென்று இரண்டு பெரிய பதிவேடு, ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று. அலுவலக எழுத்தராக இருந்த போலந்துக் கைதி டடெயுஷ் யோவாகிமோவ்ஸ்கி, முகாமை அழிக்கப்போகிறார்கள் என்று விளங்கியதும், 1944 கோடையில் இன்னும் இரண்டு கைதிகளோடு சேர்ந்து அதைத் துணியில் சுற்றி, வாளிக்குள் வைத்து, முகாம் மண்ணிலேயே புதைத்தார். 1949 ஜனவரியில் தோண்டி எடுத்தார்கள். தண்ணீர் உள்ளே போயிருந்தது. சில பக்கம் கூழ். ஆனாலும் ஏறக்குறைய 21,000 பெயர் தப்பிவிட்டது.

கேள்வி கேட்ட நண்பரே, பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்ற ஆவணம் என்று ஒன்று இருந்தால் அது இந்த வாளிதான்.

19 ஆகஸ்ட்

'எல்லா ஜேர்மன்காரனும் கெட்டவனா?' என்று சூடாகக் கேட்டிருக்கிறார் ஒருத்தர். நான் அப்படிச் சொல்லவில்லை. நானும் இந்த நாட்டுக் குடிமகன்தான், வரி கட்டுகிறேன், குப்பையை நாலு வாளியில் பிரித்துப் போடுகிறேன்.

1956 தீர்ப்பைப் போட்டுடைத்தவர் பிராங்ஃபுர்ட் நீதிபதி ஃப்ரான்ஸ் கல்வெல்லி-அடோர்னோ. நாஸிக் காலத்தில் 'பாதி யூதர்' என்று வேலை இழந்தவர். 1961இல் சட்ட இதழில் எழுதினார்: 1943க்கு முந்தின நடவடிக்கைகளும் இனத்தின் பேரால் நடந்தவையே என்று, நாஸி ஆணைகளையே எடுத்துவைத்து. யூத நட்டஈட்டு அமைப்பில் இருந்த வழக்கறிஞர் குர்ட் மையும் விடாமல் இழுத்தார். 1963 டிசம்பரில் அதே நீதிமன்றம் இறங்கி வந்தது. 1938 டிசம்பர் 8, எஸ்எஸ் படைக்கும் பொலிஸுக்கும் தலைவரான ஹிம்லர் இந்த இனத்தைப் பற்றி ஆணை போட்ட நாள், அதிலிருந்து இனக் காரணமும் சேர்ந்திருக்கலாம் என்றது. 1965 சட்டத்தில் திரும்ப விண்ணப்பிக்க வழி விட்டார்கள். அதற்குள் எத்தனை பேர் செத்துவிட்டார்கள், எத்தனை பேருக்குச் செய்தியே எட்டவில்லை.

நாஸிக் காலத்தில் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் நிலை இன்னும் கேவலம். உழைக்கும் திறன் 25 வீதம் குறைந்திருந்தால்தான் மாதக் காசு. பிள்ளை பெறமுடியாதது உழைப்பைப் பாதிக்காதே என்று டொக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். 1980இல் ஒரே தடவையாக 5,000 மார்க் கொடுத்து வாசலை மூடினார்கள்.

2015இல் அதே நீதிமன்றத்தின் தலைவி பெட்டினா லிம்பெர்க், ஹைடெல்பெர்க்கில் சின்டி, ரோமா மத்திய சபைக்குப் போய், அந்தத் தீர்ப்புக்கு வெட்கப்படத்தான் முடியும் என்று சொன்னார். 59 வருசம்.

24 ஆகஸ்ட்

யாகொப் பம்பெர்கர். இந்தப் பெயரை முதலிலேயே எழுதியிருக்கவேணும், மறந்துபோனேன்.

இவரும் குத்துச்சண்டைக்காரர், எடை குறைந்த பிரிவு. ட்ரொல்மன் கதை கேட்டவர்களுக்காக. இவரும் டகாவில் அந்தக் கடல்தண்ணீர் குடித்த 44 பேரில் ஒருத்தர். உயிர்தப்பினார். நட்டஈட்டுக்கு வருசக்கணக்காக அலைந்தார். 1980 பெரிய வெள்ளி அன்று, ஏப்ரல் 4, பன்னிரண்டு பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். இடம் எது? அதே டகாவ் முகாம் நிலத்தில் இருக்கிற தேவாலயம். உட்கார்ந்தவர்களில் பம்பெர்கர் ஒருத்தர். தண்ணீர் இல்லாமல் தவிக்கவிட்ட அதே இடத்தில், தானாகச் சோற்றை விலக்கி உட்கார்ந்திருக்கிறார், 66 வயதில். சிலர் பழைய முகாமின் கோடுபோட்ட சட்டையோடு வந்திருந்தார்கள். முன்னின்று நடத்தியது ரோமானி ரோசெ, தாத்தா பாட்டியை முகாமில் இழந்த அடுத்த தலைமுறை.

கேட்டது பணமல்ல. மியூனிக் கோப்புகள் எங்கே, அதை வெளியே விடு, எங்களுக்கு நடந்தது குற்றம் என்று ஒத்துக்கொள். கோப்புகளை எழுபதுகளில் அழித்துவிட்டோம் என்று பவேரிய அரசு சொன்னது. ஆனால் ஊர் உலகத்துப் பத்திரிகையெல்லாம் வந்துவிட்டது. 1982 மார்ச் 17 அன்று பிரதமர் ஹெல்முட் ஷ்மிட், இது இனத்தின் பேரால் நடந்த படுகொலை என்று அரசு சார்பில் முதன்முதலாகச் சொன்னார்.

உண்ணாவிரதம் என்றதும் நமக்கு உடனே நம்மூர் முகங்கள் ஞாபகம் வரும், தெரியும். அந்தப் பக்கம் போனால் இந்த இழை திரும்பி வராது. விடுகிறேன்.

1 செப்டம்பர்

அப்போ ஒருத்தனையும் தண்டிக்கவில்லையா என்றால், தண்டித்தார்கள்.

எர்ன்ஸ்ட்-அவுகுஸ்ட் கோனிக், 'சிகொய்னர் முகாமில்' எஸ்எஸ் பிளொக் பொறுப்பாளன். ஸீகன் நகர நீதிமன்றத்தில் 1987இல் வழக்குத் தொடங்கியது. வயதுபோன சாட்சிகள் வந்து வந்து சொன்னார்கள். 1991 ஜனவரியில் ஆயுள் தண்டனை. அதே வருசம் செப்டம்பரில் தன்னைத் தானே முடித்துக்கொண்டான்.

அறுபதுகளின் பெரிய பிராங்ஃபுர்ட் ஔஷ்விட்ஸ் வழக்கில் இந்த முகாம் ஓரமாக வந்துபோனது. அங்கே அரசியல் பிரிவில் இருந்த பெரி புரோடுக்கு 4 வருசம். முகாமின் டொக்டர் மெங்கலெ 1979இல் பிரேசில் கடலில் குளிக்கப் போய்ச் செத்தார்.

லுட்விக்ஸ்புர்க்கில்தான், பழைய பெண்கள் சிறைக் கட்டடத்தில், நாஸிக் குற்றங்களை விசாரிக்கும் மத்திய நிலையம் 1958 முதல் இருக்கிறது. அதன் மதிலைக் கடந்து இத்தனை வருசம் போயிருக்கிறேன். ஒரு ஸ்டேஷன் தள்ளி அஸ்பெர்க் கோட்டை.

3 செப்டம்பர்

மற்ற நாடுகள், சுருக்கமாக. ருமேனியா 1942இல் சுமார் 25,000 ரோமாக்களை, தான் பிடித்து வைத்திருந்த உக்ரைன் பகுதியான டிரான்ஸ்நிஸ்ட்ரியாவுக்குத் துரத்தியது, ஏறக்குறைய 11,000 பேர் திரும்பவில்லை. அதன் சர்வாதிகாரி அன்டொனெஸ்குவை 1946இல் சுட்டார்கள். குரோஷியாவின் யாசெனோவாட்ஸ் முகாமில் செத்த ரோமாக்களில் பெயரோடு தெரிந்தவர்கள் மட்டும் 16,000க்கு மேல்.

செக் நாட்டின் லெட்டி முகாம். அங்கே காவலும் செக்காரர்கள்தான். 300க்கு மேற்பட்டோர் உள்ளேயே செத்தார்கள், 500க்கு மேற்பட்டோரை ஔஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். எழுபதுகளில் கம்யூனிச அரசு அந்த நிலத்தில் பன்றிப்பண்ணை கட்டியது. தொண்ணூறுகளில் விஷயம் வெளியே வந்து, பண்ணையை வாங்கி இடிக்க 2022 ஆகிவிட்டது. நினைவிடத்தை இந்த வருசம்தான் திறந்தார்கள். உறவினர் அங்கே பூ வைக்கப் போகும்போது பன்றி நாற்றத்துக்கு நடுவேதான் இருபத்தைந்து வருசம் நின்றார்கள்.

14 செப்டம்பர்

குற்றப்பரம்பரைச் சட்டத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். பிறப்பை வைத்துப் பொலிஸ் பட்டியல் போடுவது, 1871 இந்தியாவிலும் 1899 மியூனிக்கிலும் ஒரே புத்தி. அதுவரை சரி. அதற்கு மேல் இழுக்க எனக்கு மனமில்லை. அங்கே போன ரயில் வேறு.

4ஆம் திகதி அந்த அம்மாவின் கதையை எழுதியதும் கூடச் சரிதானா என்று யோசிக்கிறேன். ஒருவர் கதையைக் கேட்டால் உடனே தன் கதையைத் தூக்கிப் பக்கத்தில் வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அழிக்கலாம் என்று வந்தேன். பதில்கள் அதன்மேல் ஏறிவிட்டன. கிடக்கட்டும்.

12 அக்டோபர்

ஒரு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. வியாழக்கிழமை ஒரு நூலகத்தில் அந்தப் பதிவேட்டை அச்சிட்ட நினைவுநூலைக் கேட்டு எடுத்தேன். 1993இல் வந்தது, இரண்டு தடிப் புத்தகம். தூக்கிக்கொண்டு வந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.

வரிசை வரிசையாக எண், பெயர், பிறந்த திகதி. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து எட்டு, பத்து வரி வரும், பிறந்த வருசம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். பெரியவர், மனைவி, மூத்தது, அடுத்தது, கடைக்குட்டி. முகாமிலேயே பிறந்த பிள்ளைகள் 370க்கு மேல். அவர்களுக்கும் எண் உண்டு. கை பத்தாது என்று தொடையில் குத்தினார்கள். தண்ணீர் குடித்த பக்கங்களில் பெயரே இல்லை, எண் மட்டும் நிற்கிறது.

ஒரு மணித்தியாலம் புரட்டியிருப்பேன். அந்தப் பெண் திரும்ப வந்து, எந்தக் குடும்பப் பெயரைத் தேடுகிறீர்கள், உதவட்டுமா என்று கேட்டார். என் நிறத்தைப் பார்த்து, அந்தச் சனத்தில் ஒருத்தன் என்று நினைத்திருக்கவேணும். இல்லை, எங்கள் ஆட்கள் யாரும் இதில் இல்லை, சும்மா பார்க்கிறேன் என்றேன். 'சும்மா'வுக்கு டொச்சில் என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.

13 அக்டோபர்

திருத்தம்: பம்பெர்கர் பிறந்தது 1913 டிசம்பரா வேறு மாதமா என்று பார்க்காமல் 66 என்று போட்டுவிட்டேன். 66 அல்லது 67 என்று வாசியுங்கள்.